லிம்பானியின் தாத்தாவைக் கொன்ற கதை

அஜின் தன் தாத்தாவைக் கல்லூரியில் மூன்று தடவை கொன்றிருக்கிறான். முதல் தடவை கிரிக்கெட்டுக்காக. இரண்டாம் தடவை ஒரு சினிமாவின் முதல் காட்சிக்காக. மூன்றாம் தடவை எதற்கென்று அவனுக்கே மறந்துவிட்டது. நிஜத் தாத்தாவோ கொல்லயில் என்ற ஊரில் மகள் வீட்டில் இருந்துகொண்டு, தினமும் டீக்கடைவரை நடந்துபோய் ஆப்பமும் கடலையும் தின்றுவிட்டு வருகிறார். நான்காம் தடவை நம்ப மாட்டோம் என்று கல்லூரி ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே வேறொருவனுடைய தாத்தாவைக் கொல்ல வேண்டி வந்தபோது, கைப்பழக்கம் உள்ளவன் என்ற முறையில் அஜின்தான் முன்னால் நின்றான்.

செத்தவரின் பேரன் லிம்பானி பாண்டா. மலாவி நாட்டுக்காரன். கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு ரப்பர் தோட்டத்துக்குள் ஒதுங்கி நிற்கும் அந்தத் தனியார் கல்லூரியில் வெளிநாட்டு மாணவன் என்று இருந்தது அவன் ஒருவன்தான். போன வருஷம் கல்லூரியின் தரம் பார்க்க ஒரு குழு வந்து, "வெளிநாட்டு மாணவர்களுக்கு என்ன ஆதரவு கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனது. அடுத்த வாரமே விளையாட்டுச் சாமான் அறையிலிருந்த மட்டைகளும் பந்துகளும் வெளியே போயின. வாசலில் ஒரு பலகை ஏறியது: 'பன்னாட்டு மற்றும் உள்ளூர் மாணவர் ஆதரவு மையம்'. பலகை மாட்டப் போனபோது உயரம் தாண்டும் மெத்தையில் ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனையே உள்ளூர் மாணவன் என்று பதிந்துகொண்டார்கள். அப்படித்தான் அஜின் லிம்பானிக்குத் துணை மாணவன் ஆனான்.

மையத்தின் பொறுப்பு பிரசீதா மிஸ்ஸுக்கு. பொருளாதாரம் எடுக்கும் தற்காலிக ஆசிரியை. கொச்சிக்குப் போய் இதற்கென்று பயிற்சி பெற்று வந்தவர். பயிற்சிக்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "உனக்கு உள்ளுக்குள்ள எப்பிடி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார். "பசிக்குது மிஸ்" என்பதைத் தவிர அவருக்கு வேறு பதில் கிடைத்ததில்லை. மேசைமேல் கண் துடைக்கும் காகிதப் பெட்டி ஒன்று பிரிக்காமலே கிடந்தது. அழுவதற்கு ஒருத்தர்கூட வரவில்லையே என்று அந்த நல்ல மனுஷிக்கு அழுகையே வரும்.

லிம்பானி அழுகிற ஜாதி இல்லை. ஒல்லியாக, அமைதியாக, எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு வருகிறவன். இரண்டு ஓணத்தை அஜின் வீட்டில் இலை போட்டு உண்டவன். பேச்சை அஜினிடமே கற்றுக்கொண்டதால் எல்லா வாக்கியத்துக்கும் வாலாக ஒரு 'ஆக்கும்' சேர்ப்பான். அவனைப் போல ஒரு சிநேகிதன் அஜினுக்கு அதற்கு முன்பு இருந்ததில்லை. அந்தச் சிநேகிதனுக்குத்தான் அவன் உலை வைத்தான்.

விஷயம் இதுதான். குன்னத்துகால் வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்கு லிம்பானியை ஒருநாள் கூட்டிப்போய் குத்துவிளக்கு ஏற்ற வைத்தான் அஜின். வெளிநாட்டு விருந்தினர் விளக்கேற்றிய படம் போனில் பறந்தது. அவ்வளவுதான், சுற்றுவட்டாரத்தில் லிம்பானி இல்லாமல் ஒரு ரிப்பன்கூட வெட்டப்படவில்லை. அமரவிளையில் கோழிக்கடை, அதற்கு எதிரே தையல் பள்ளி, கோழிக்கடைக்காரனோடு சண்டை போட்டுப் பிரிந்த தம்பியின் இன்னொரு கோழிக்கடை, எல்லாவற்றையும் திறந்துவைத்தது அவன் கைதான். அஜின் பின்னால் நின்று தேதி கொடுத்தான். இருவருக்கும் பிரியாணி கிடைத்தது. வகுப்பில் மட்டும் இருவரையும் காணவில்லை.

உள்ளூர்க்காரன் வருகை குறைந்தால் ஒரு பரீட்சைதான் போகும். லிம்பானிக்கு அப்படி இல்லை. வருகை இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை, ஹால் டிக்கெட் இல்லையென்றால் கல்லூரி விசாவுக்குக் கடிதம் தராது, கடிதம் இல்லையென்றால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டும். பிரின்சிபல் கூப்பிட்டு இதைச் சொன்ன அன்றைக்கு அஜினுக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

"வீட்டுல சாவுன்னா விட்டுக் கொடுப்பாவ," என்றான் அஜின், ரப்பர் மரத்தடியில். "எனக்க பாட்டாவை இனி கொல்ல முடியாது. உனக்க பாட்டா புதுசு. ஒரு தடவைகூடச் செத்ததில்ல."

"எனக்க பாட்டா உயிரோட உண்டு," என்றான் லிம்பானி. "சோளத்துக்குக் களை பறிக்காரு ஆக்கும்."

"பறிக்கட்டு. இஞ்ச செத்தது அங்க எப்பிடித் தெரியும்? ரொம்ப நாளா தீனம் வந்து படுக்கையில கெடந்தாரு, அதனால உனக்கு மனசு சரியில்ல, அதான் வகுப்புக்கு வரல. இப்போ செத்துட்டாரு. பழைய லீவு மொத்தமும் அதுக்குள்ள அடங்கும்."

லிம்பானி மண்ணைக் கிளறினான். பிறகு, "சாவு விஷயத்துல பொய் சொல்லக்கூடாது மக்கா," என்றான். சொன்னானே தவிர எழுந்து கூடவே போனான். வேறு வழி இருந்தால்தானே?

பிரசீதா மிஸ் செய்தியைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒரு வருஷமாகக் காத்திருந்த காகிதப் பெட்டியைக் கிழித்துத் திறந்தார். முதல் காகிதம் அவருக்கே தேவைப்பட்டது. லீவுக் கடிதத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, "உங்க ஊர்ல சாவுன்னா என்ன செய்வாங்க மோனே?" என்று கேட்டார். துக்கத்தை அவரவர் முறைப்படி அனுசரிக்க வழி செய்ய வேண்டும் என்று கொச்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அங்கே லிம்பானி ஒரு உண்மையைச் சொல்லித் தொலைத்தான். "எல்லாரும் வருவாங்க மிஸ். ஊர்ல ஒருத்தர் விடாம வருவாங்க. வீட்டு முன்னாடி உக்காருவாங்க. அவ்வளவுதான் ஆக்கும்."

நுணலும் தன் வாயால் கெடும். மிஸ்ஸின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை அஜின் பார்த்தான்.

லிம்பானிக்கு இங்கே வீடு ஏது? பதிவேட்டில் உள்ளூர்க் காப்பாளர் என்று இருந்தது அஜினின் அப்பா மோகனன். மிஸ் அவருக்கு போன் போட்டார். அவர் யாரென்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டார். குன்னத்துகாலில் பந்தல் சாமான் வாடகைக்குக் கொடுப்பவர் மோகனன். நாற்காலி, தார்ப்பாய், குழல்விளக்கு, பிணம் வைக்கும் குளிர்பெட்டி எல்லாம் அவரிடம் உண்டு. யார் வீட்டில் சாவு என்றாலும் அழுகைச் சத்தத்துக்கு முன்னால் அவருடைய வண்டிச் சத்தம் கேட்கும். தன் வீட்டில் இதுவரை ஒரு சாவும் நடக்காதது அந்தத் தொழிலில் அவருக்கு ஒரு சின்னக் குறை என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் சனிக்கிழமை காலை அஜின் கண்விழித்து வெளியே வந்தால், முற்றத்துக்கு மேலே நீலத் தார்ப்பாய். வாசலில் கறுப்புக் கொடி. வரிசை வரிசையாக நாற்காலி. மோகனன் தோளில் தோர்த்துமுண்டு என்கிற துண்டோடு நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவனுக்க பாட்டா செத்தது ஆப்பிரிக்காவுல!"

"அதுக்கு?" என்றார் மோகனன். "பேரன் இஞ்சயாக்கும் இருக்கான். கல்யாணத்துக்கு விளிச்சாத்தான் போணும். சாவுக்கு விளிக்காமப் போணும். அவ்வளவு தூரம் போக முடியாதவன் எங்க உக்காருவான்? ரோட்டுலயா?"

அம்மா விஜயம்மா இதற்குள் அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றிவிட்டாள். அஜின் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் லிம்பானி விமானம் ஏற வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"போட்டோ வேணும்லே," என்றார் அப்பா. "ஃப்ளெக்ஸ் அடிக்கணும். ரெஜி கடையைத் திறந்து வச்சிட்டு நிக்கான்."

அப்பா விடிகாலையிலேயே கூட்டி வந்திருந்த லிம்பானியை அஜின் கிணற்றடிக்கு இழுத்துப் போனான். "ஏதாவது ஒரு கிழவனுக்க படம் தா மக்கா. எவனா இருந்தாலும் சரி."

லிம்பானி போனை வெகுநேரம் தள்ளிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு படத்தை அனுப்பினான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு.

"இவருக்கு அவ்வளவு வயசு தெரியலியே?"

"பழைய போட்டோ," என்றான் லிம்பானி. அவன் முகத்தைப் பார்க்க அஜினுக்கு அப்போது நேரமில்லை.

ஒரு மணிநேரத்தில் முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் ஏறியது. அதே அளவில் இன்னொன்று வீட்டு வாசலிலும். மேலே மலையாளத்தில், கீழே தமிழில்: 'ஆதராஞ்சலி. மலாவி பாண்டா அவர்கள் (84)'. வயதை முடிவு செய்தது மோகனன். எண்பதுக்குக் கீழே போட்டால் வருகிறவர்கள் எல்லாரும் என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுப் பிராணனை வாங்குவார்கள் என்பது அவருடைய தொழில் அனுபவம்.

பதினொரு மணிக்குக் குளிர்பெட்டி வந்து இறங்கியது. வண்டி ஓட்டி வந்த ராஜன், "பாடி எப்போ வரும்?" என்று கேட்டான்.

"பாடி வராது," என்றார் மோகனன்.

"பின்ன பெட்டி?"

"பெட்டி இல்லாம ரீத்து எங்கலே வைக்கது? உனக்க தலையிலயா?"

அதுவும் நியாயம்தான், மலர்வளையம் வைக்க ஓர் இடம் வேண்டுமே. பெட்டியை நடுமுற்றத்தில் வைத்து, மின்சாரமும் கொடுத்தார்கள். வெறும் காற்றை அது உறுமலோடு குளிர வைத்தது.

பிறகு ஜனம் வந்தது. வாசகசாலை வந்தது. தையல் பள்ளிப் பெண்கள் ஒரே நிறச் சேலையில் வந்தார்கள். லிம்பானி திறந்துவைத்த கடை ஒவ்வொன்றும் ஒரு மலர்வளையத்தோடு வந்தது. கோழிக்கடை அண்ணனும் தம்பியும் அன்றைக்கு மட்டும் இரண்டு கடையையும் அடைத்துவிட்டு, ஒரே ஆட்டோவில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்து இறங்கினார்கள். கல்லூரி பஸ்ஸில் பிரின்சிபலும் பிரசீதா மிஸ்ஸும் வந்தார்கள். மிஸ்ஸின் கையில் காகிதப் பெட்டி. எல்லாரும் காலிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டி, ரீத்து வைத்து, லிம்பானியின் கையைப் பிடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். பெட்டிக்குள் ஆள் இல்லையே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சாவு வீட்டில் கேள்வி கேட்பது மரியாதையில்லை.

லிம்பானி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். வருகிறவர்களைப் பார்க்காமல் அவன் வாசல் ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கன்னம் நனைந்திருந்தது. இவனுக்கு இவ்வளவு நடிப்பு எங்கிருந்து வந்தது என்று அஜின் வியந்து போனான்.

மூன்று மணிக்கு இரங்கல் கூட்டம். வார்டு மெம்பர் விலாசினி மைக்கைப் பிடித்தார். "பாண்டா அவர்களை நான் நேர்ல பாத்ததில்ல. ஆனா பாத்திருந்தா எவ்வளவு எளிமையான ஆளுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்." எல்லாரும் தலையாட்டினார்கள். வாசகசாலைச் செயலாளர், மலாவியின் விவசாயத்துக்கு அவர் ஆற்றிய தொண்டை இந்தச் சின்ன நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது என்றார், சொல்லவும் இல்லை. கோழிக்கடை அண்ணன், "குடும்பத்தை ஒண்ணா வச்சிருந்த மனுஷன்," என்று ஆரம்பித்துப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். தம்பி எழுந்துபோய் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தான்.

அந்த நேரம் பார்த்து லிம்பானியின் போன் அடித்தது. துக்கத்தில் இருப்பவனைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று மோகனன் அதை வாங்கி அஜினிடம் கொடுத்திருந்தார். திரையில் வந்த பெயரை அஜின் இரண்டு தடவை படித்தான். தாத்தா. வீடியோ அழைப்பு.

வெட்டிவிட்டான். மறுபடி அடித்தது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அஜின் வீட்டை ஒட்டி நின்ற அயனிப் பலா மரத்துக்குப் பின்னால் ஓடிப்போய் எடுத்தான்.

தொப்பி வைத்த கிழவர் ஒருவர் திரை நிறையச் சிரித்தார். ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். "அஜின்தானே நீ? திறப்புவிழா மேனேஜர்! பேரன் சொல்லியிருக்கிறான். பின்னால் என்ன கூட்டம்? இன்னொரு கோழிக்கடையா?"

"இல்லை தாத்தா. ஒரு சாவு."

"அடடா. யார்?"

நீங்கள்தான் என்று எந்த வாயால் சொல்வது? அஜின் அழைப்பை வெட்டப் போனான். அவசரத்தில் விரல் கேமராவைத் திருப்பும் பொத்தானில் பட்டு, போன் வாசல் ஃப்ளெக்ஸைக் காட்டிக்கொண்டு நின்றது.

கிழவரின் சிரிப்பு போய்விட்டது. மெதுவாகத் தொப்பியை எடுத்து மடியில் வைத்தார்.

"அது என் மகன்," என்றார்.

அஜினுக்கு முதலில் விளங்கவில்லை.

"லிம்பானியின் அப்பா. ஏரியில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். இவன் உங்கள் நாட்டுக்கு வந்த முதல் மாதம் அது. அடக்கத்துக்கு ஊர் முழுக்க வந்தது, பெற்ற பிள்ளை ஒருவனைத் தவிர. எங்கள் ஊரில் அது பெரிய குறை. நான் அவனிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவனும் பேசியதில்லை. அங்கே அன்று அவனோடு உட்கார ஒரு ஆள் இருந்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது." அவர் திரைக்கு மிக அருகில் வந்தார். "இத்தனை பேர் என் மகனுக்காகவா வந்திருக்கிறார்கள்?"

தன் தாத்தாவைக் கொல்ல மூன்று தடவையும் அஜினுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இப்போது ஒரு 'ஆமாம்' சொல்ல அவனால் முடியவில்லை. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"ஆமாம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிரசீதா மிஸ். கட்டன்சாயா டம்ளரோடு எவ்வளவு நேரமாக நின்றாரோ. "எல்லாரும் அவருக்காகத்தான் வந்திருக்காங்க."

டம்ளரை அஜின் கையில் திணித்துவிட்டு அவர் நேராகப் பெட்டியருகே போய் லிம்பானி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அஜினும் பின்னாலேயே போனான். மிஸ் இந்தத் தடவை தலையைச் சாய்க்கவில்லை. "அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லலியா மோனே?" என்று மட்டும் கேட்டார்.

லிம்பானி நிமிர்ந்து இருவரையும் பார்த்தான். அஜின் கையில் போன் இருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஆபீஸ்ல சொன்னேன் மிஸ். மரண சர்ட்டிபிக்கட் கொண்டு வரச் சொன்னாங்க. எங்க போய் வாங்கணும்னு தெரியல. மறுநாள் பரீட்சை இருந்தது. போய் எழுதினேன்." கொஞ்சம் நிறுத்தி, "பாஸாயிட்டேன் ஆக்கும்," என்றான்.

பிரசீதா மிஸ் பையிலிருந்து அந்த லீவுக் கடிதத்தை எடுத்தார். 'தாத்தா' என்பதை அடித்து 'அப்பா' என்று எழுதினார்.

"தேதி கேட்டா, மிஸ்?" என்றான் அஜின், மெல்ல.

"துக்கம் நடந்த தேதி இன்னைக்குத்தான். பிரின்சிபலே இங்க உக்காந்திருக்காரு. அவரு வேணும்னா இல்லன்னு சொல்லட்டும்." அவர் குரலில் அப்படியொரு கடுமையை அஜின் அதற்கு முன்பு கேட்டதில்லை. காகிதப் பெட்டியில் ஒரு காகிதம்தான் மிச்சமிருந்தது. அதை இரண்டாகக் கிழித்து ஒன்றை அஜினிடம் நீட்டினார்.

இதற்குள் மோகனன் வந்துவிட்டார். "மெம்பர் மறுபடி பேசிட்டு நிக்காவ, இஞ்ச என்னலே போனு? யாரு?"

அஜின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவன் வாயில் ஒரு உண்மை வந்தது. "செத்தவருக்க அப்பா."

மோகனன் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். எண்பத்திநாலு. போனைப் பார்த்தார். உதட்டை அசைத்து ஏதோ கூட்டிப் பார்த்தார். கூட்டுத்தொகை எங்கேயோ போய் நின்றதும் பயந்துபோய்ப் பட்டென்று நிமிர்ந்தார்.

"நூறு தாண்டின ஆளையா மரத்துக்குப் பொறத்த நிறுத்திப் பேசிட்டிருந்த? புத்தி கெட்டவனே!"

முன்வரிசையில் இருந்த பிரின்சிபலை எழுப்பினார். அந்த நாற்காலியைத் தோர்த்துமுண்டால் இரண்டு தடவை துடைத்தார். போனை வாங்கி, பெட்டியும் படமும் பேரனும் நன்றாகத் தெரிகிற மாதிரி, ஒரு மலர்வளையத்தில் சாய்த்து நாற்காலியில் உட்கார வைத்தார். யாரோ பெரியவர் என்று தெரிந்து மெம்பர் பேச்சை நிறுத்தினார். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கும்பிட்டது.

லிம்பானி தவழ்ந்து வந்து அந்த நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். இரண்டு வருஷத்து அழுகை அது. சத்தமாக, வாய்விட்டு, தன் பாஷையில் அழுதான். அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாத பெண்கள்கூடக் கூடவே அழுதார்கள்.

அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் போனிலிருந்து கிழவர் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்காரு?" என்றார் மோகனன்.

லிம்பானி மூக்கை உறிஞ்சினான். "வந்தவங்க எல்லாருக்கும் சாப்பாடு உண்டான்னு கேக்காரு ஆக்கும்."

மோகனன் போனுக்கு முன்னால் வந்து, தோளிலிருந்த தோர்த்துமுண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"கஞ்சியும் பயறும் தயாரா உண்டுன்னு சொல்லு மக்கா. யாரும் பட்டினியாப் போக மாட்டாவ."